மடக்கிய விரல்

கடைசி நாள் காலையில் செலஸ்தேன் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று கடலுக்குக் கரும்புச் சாராயம் ஊற்றிக்கொண்டிருந்தான். முந்தின நாள் அவன் குடித்தது போக மிஞ்சியது.

"கொஞ்சம் தாராளமா ஊத்தினாத்தான் என்ன? கேக்குறது சின்ன வரமா?" என்றேன்.

"நீங்க ஒரு வாரமா வாயாடினதுக்கு இந்தப் பாட்டில் பத்தாது அண்ணி. பீப்பாயையே உருட்டிட்டு வரணும்."

செலஸ்தேன் என் கணவரின் தம்பி. படகை ஓட்டுவது அவன்; வருகிறவர்களுக்குத் திமிங்கிலம் காட்டுவது நான். வாவிசுவா என்பது என் முழுப் பெயர், துறையில் எல்லாருக்கும் வாவி. எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்பார்கள். பொய் இல்லை. ஆனால் அந்த வாரம் எனக்கு வந்த கோபம் நியாயமானது. இப்போது கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.

அந்த வாரம் எங்கள் படகில் இரண்டே பேர். எங்கள் சின்னத் தீவுக்கு எதிரே உள்ள பெருந்தீவில், மலைமேல் இருக்கும் அந்திசிராபேயில் கடிகாரம் பழுது பார்க்கும் ரட்சிம்பாவும் அவர் மகள் லலாவும். மேட்டு நிலத்துக்காரர்கள். கடலை அதற்கு முன்னால் படத்தில்கூட ஒழுங்காகப் பார்த்திராதவர்கள். பெரியவர் முதல் நாள் துறைக்கு வந்தபோது கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, பளபளப்பான தோல் செருப்பு, தலையில் தொப்பி. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் புறப்பட்டவர்போல இருந்தார். படகுக்கு எதிரே நின்று வணக்கம் சொன்னார். படகுக்குப் பக்கத்திலேயே நான் நின்றுகொண்டிருந்தேன், என்னை அவர் பார்க்கவே இல்லை. திமிர் பிடித்த கிழவர் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே லலாவ் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னாள். அவள் நர்ஸ். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள்.

"கையைக் குழல் மாதிரி சுருட்டிக் கண்ணுல வெச்சுப் பாருங்கக்கா."

பார்த்தேன்.

"இன்னும் இறுக்குங்க. இன்னும்... ஒரு பட்டாணி போற அளவுக்கு. அவ்வளவுதான் அப்பாவுக்கு உலகம். ஓரத்துலேருந்து மூடிக்கிட்டே வருது. அடுத்த வருசம் திமிங்கிலம் வர்றப்போ அதுவும் இருக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

கையைக் கண்ணிலிருந்து எடுத்த பிறகும் எனக்கு என்னவோபோல் இருந்தது. அப்புறம் பெரியவரிடமே கேட்டேன், இத்தனை தொலைவு வந்து இதைத்தான் பார்க்க வேண்டுமா என்று. அவர் சிரித்தார்.

"நான் வாழ்நாள் பூரா எள்ளு எள்ளா இருக்குற சாமானையே பாத்துட்டேம்மா. பல்சக்கரம், ஊசி, திருகாணி. அதையும் கண்ணுல ஒரு கண்ணாடியை மாட்டிக்கிட்டு ஓட்டை வழியாத்தான் பாத்தேன். கடை சாத்துறதுக்குள்ள ஒரே ஒரு பெரிய சாமானைப் பாத்துடணும். இருக்கறதுலேயே பெருசு எதுன்னு கேட்டேன், இதைச் சொன்னாங்க."

இதுதான் விஷயம். அவருக்குத் திமிங்கிலம் காட்ட வேண்டும். எனக்கு வேறு எந்த வேலையும் அந்த வாரம் பெரிதாகத் தோன்றவில்லை.

காட்டுவதில்தான் வந்தது வினை. பெரியவருக்கு எதையாவது காட்ட லலாவ் ஒரு வழி வைத்திருந்தாள். அவர் கையைப் பிடித்துத் தூக்கி, ஆள்காட்டி விரலை நீட்டி, பொருள் இருக்கும் பக்கம் திருப்புவாள். அவர் தன் தோளிலிருந்து புறப்பட்டு முழங்கை, மணிக்கட்டு, விரல் நுனி என்று பார்வையை ஓட்டிக்கொண்டு போய், விரல் முடிகிற இடத்தில் அந்தப் பொருளைப் பிடித்துவிடுவார். கதவு, சாப்பாட்டுத் தட்டு, மரத்தில் உட்கார்ந்த கிளி எல்லாம் அப்படித்தான். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

முதல் நாள் காலையிலேயே தூரத்தில் திமிங்கிலத்தின் மூச்சு பீறிட்டது. லலாவ் உடனே அப்பாவின் கையைத் தூக்கி விரலை நீட்டினாள். செலஸ்தேன் போட்ட கூச்சலில் கடல்காகங்கள் எழும்பின.

"மடக்கு! விரலை மடக்கும்மா! யாரு படகுல உக்காந்துக்கிட்டு யாரை நோக்கி விரலை நீட்டுறீங்க?"

எஞ்சினையும் அணைத்துவிட்டான். பெரியவர் பதறிப்போய்க் கையை மடியில் வைத்துக்கொண்டார். அவர் நிமிர்வதற்குள் திமிங்கிலம் போய்விட்டது.

எங்கள் தீவில் ஆகாது என்றால் ஆகாது. கல்லறையை நோக்கி விரல் நீட்ட ஆகாது. திமிங்கிலத்தை நோக்கியும் ஆகாது. அது எங்களுக்குப் பெரிய தெய்வம். திருடனைக் காட்டுவதுபோல் தெய்வத்தைக் காட்டுவீர்களா? காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் விரலை மடக்கி முட்டியால் காட்ட வேண்டும். நானும் பிறந்ததிலிருந்து அப்படித்தான் காட்டுகிறேன். கண் உள்ளவர்களுக்கு முட்டி போதும், அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். ரட்சிம்பாவுக்குப் போதவில்லை. முட்டிக்கு நுனி கிடையாது. அவருடைய பட்டாணி ஓட்டை முட்டியோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் எங்கே பார்த்தாலும் தண்ணீர்.

லலாவ் விடவில்லை. "இந்தக் காலத்துல இதையெல்லாம் நம்பிக்கிட்டு! விரலை நீட்டினா என்ன ஆயிடும்?"

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க மேட்டுக்காட்டு ஆளுங்க, போய் உருளைக்கிழங்கு நடுவீங்க. நான் இங்கேயேதான் கெடக்கணும். எனக்கு மூணு புள்ளைங்க. அது நீந்துற தண்ணியிலதான் தினமும் போய்ட்டு வர்றேன்" என்றான் செலஸ்தேன்.

"கரையோரத்து ஆளுங்களுக்கு வேலை செய்யாமப் படுத்துத் தூங்க இது ஒரு சாக்கு."

"தூங்குனாத்தான் கனவு வரும். உங்க ஊர்க் குளிருக்கு அதுகூட வராது."

பெரியவர் தலையிட்டு இருவரையும் அடக்கினார். அன்று நான் செலஸ்தேனின் பக்கம்தான் இருந்தேன். அது மாற நாலு நாள் ஆயிற்று.

இரண்டாம் நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. படகின் மூக்கைப் பன்னிரண்டு மணி என்று வைத்துக்கொண்டு பக்கங்களை மணியால் சொல்வது எங்கள் தொழிலில் வழக்கம். கடிகாரக்காரருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மூச்சு தெரிந்ததும், "மூணு மணி!" என்று கத்தினேன். பெரியவர் சட்டென்று மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்து, "இல்லேம்மா, ஒம்பதரைதான் ஆகுது" என்றார். லலாவே விழுந்து விழுந்து சிரித்தாள்.

விளக்கிச் சொன்ன பிறகு வேறு தொல்லை. நான் "ரெண்டு மணி" என்றால், "ரெண்டா, ரெண்டு அஞ்சா?" என்று கேட்பார். "ரெண்டு அஞ்சு ஐயா" என்பதற்குள் அது வாலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போயிருக்கும். அவர் சரியான கோணத்தில்தான் திரும்புவார், வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறை வால் அடித்த நுரையைப் பார்த்தார். "வெள்ளையா இருந்தது" என்று சந்தோஷமாகச் சொன்னார்.

அடுத்த படகுக்கார ஜெர்வே வேறு எங்களைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கூவுவான். "என்ன வாவி, உன் கடிகாரக்காரர் இன்னும் சாவி குடுத்துக்கிட்டுதான் இருக்காரா?"

"உன் எஞ்சினுக்கு அவரைக் கூட்டிட்டு வந்து சாவி குடுக்கச் சொல்லவா? ஒப்பாரி வெக்குது பாரு!"

வாயால் ஜெயித்தேனே தவிர, ஒவ்வொரு மாலையும் வெறுங்கையோடுதான் திரும்பினோம். நாலாம் நாள் மாலை படகைக் கட்டும்போது செலஸ்தேனிடம் கேட்டேவிட்டேன். ஒரே ஒரு தடவை. அந்தப் பெண் நீட்டட்டும். நீ அந்தப் பக்கம் திரும்பிக்கொள்.

"நான் திரும்பிக்கிட்டா அது பாக்காதா அண்ணி?" என்றான். அவனை நன்றாகத் திட்டினேன்.

இப்படியாக வந்து சேர்ந்தது கடைசி நாள். மதியப் படகில் அவர்கள் பெருந்தீவுக்குத் திரும்ப வேண்டும். செப்டம்பர் முடியப் போகிறது. பெரும்பாலான திமிங்கிலங்கள் தெற்கே போய்விட்டன. குட்டி ஈன்ற தாய்கள் ஒன்றிரண்டு, பிள்ளைக்கு உடம்பு தேறட்டும் என்று தங்கியிருக்கும். பெரியவர் அதே தொப்பியோடு வந்தார். லலாவ் கூடையில் அரிசிப் பணியாரமும், ஒரு குப்பியில் அடிப்பிடித்த சோற்றில் ஊற்றிக் கொதிக்கவைத்த தண்ணீரும் கொண்டுவந்திருந்தாள்.

எங்கள் தீவுக்கும் பெருந்தீவுக்கும் நடுவே உள்ள கடல் அன்று எண்ணெய் ஊற்றினாற்போல் அசையாமல் கிடந்தது. வெயில் ஏறும்வரை ஒன்றுமில்லை. பிறகு வடக்கே இரண்டு மூச்சுகள் தெரிந்தன, ஒன்று உயரம், ஒன்று குட்டை. தாயும் பிள்ளையும். செலஸ்தேன் வளைத்துக்கொண்டு மெதுவாகப் போய், இதற்குமேல் நெருங்கக்கூடாது என்று சட்டம் சொல்லும் தூரத்தில் எஞ்சினை அணைத்தான். அவை மேலே வந்து படுத்தன. கரிய முதுகு, அதன்மேல் சாய்ந்த இன்னொரு சின்ன முதுகு. அவை அவசரப்படவில்லை. இதைவிட நல்ல நேரம் அந்த வாரம் முழுக்க வரவில்லை.

"பத்து மணி ஐயா! பத்து!"

"எங்கேம்மா? பத்துலதான் பாக்குறேன். தண்ணிதான் தெரியுது."

"கொஞ்சம் கீழே. இல்ல, இந்தப் பக்கம். ஐயோ!"

லலாவ் அப்பாவின் கையைப் பிடித்தாள், செலஸ்தேனைப் பார்த்தாள், கையை விட்டுவிட்டாள். அவ்வளவுதான், எனக்குள் ஏதோ அறுந்தது. மடக்கி மடக்கிப் பழகிய என் கை. அதே கையால் பெரியவரின் மணிக்கட்டைப் பற்றினேன்.

"அண்ணி!"

"சும்மா இரு. நான் நீட்டுறேன். எது வந்தாலும் எனக்கு வரட்டும். உன் புள்ளைங்களுக்கு வேணாம், எனக்கு வரட்டும்."

அம்மா என் விரலை மடக்கிவிட்டு மடக்கிவிட்டு என்னை வளர்த்தவள். இருந்தும் பெரியவரின் விரலை நீட்டப் போனேன். அவர் நீட்டவிடவில்லை. விரல்களை இறுக்கிப் பொத்திக்கொண்டார். கடிகாரக்காரரின் பிடி அது, அசைக்க முடியவில்லை.

"வேணாம்மா. ஒருத்தர் வீட்டுக்கு வந்திருக்கேன். வீட்டுக்காரங்க மனசை ஒடைச்சுட்டுப் பாத்தேன்னா, அப்புறம் கண்ணு மூடின பெறகு அதுதான் எனக்குத் தெரிஞ்சுக்கிட்டு இருக்கும்."

செலஸ்தேன் எஞ்சின் பக்கத்தில் குந்தியபடி பெரியவரின் பொத்திய கையையே பார்த்தான். பிறகு எழுந்து வந்தான்.

"படகுக்கு விரல் கெடையாது" என்றான்.

"என்ன உளர்ற?"

"படகுக்கு மூக்குதான் இருக்கு. மூக்கைத் திருப்புறதுக்கு யாரும் ஆகாதுன்னு சொல்லல. பெரியவரே, எந்திரிங்க."

அவரைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போய் முன்மூக்கில் உட்காரவைத்தான். இரண்டு கால்களையும் இரண்டு பக்கமும் போட்டு, முகவாய் மூக்கின் மரத்தில் படும்படி. "இந்த மரம் முடியுற எடத்தை மட்டும் பாருங்க. வேற எதையும் தேடாதீங்க. மிச்சம் என் வேலை." துடுப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போனான். இத்தனை நாள் இந்த மண்டைக்கு இது ஏன் உதிக்கவில்லை என்று அவனைக் கேட்க வாய் வந்தது. எனக்கும்தான் உதிக்கவில்லை, அதனால் மூடிக்கொண்டேன்.

படகு மெல்லத் திரும்பியது. பத்தரை. பதினொன்று. இன்னும் கொஞ்சம்தான். அப்போது தாய் முதுகை வளைத்து, வாலைக் காட்டாமல், சத்தமே இல்லாமல் அமிழ்ந்துபோனாள். பிள்ளையும் அவள் பின்னால் போயிற்று. கடல் மூடிக்கொண்டது.

காத்திருந்தோம். பெரியவர் முகவாயை எடுக்கவே இல்லை. ஜெர்வேயின் படகு ஆட்களோடு கரைக்குத் திரும்பியது. அவன்கூட அன்று ஒன்றும் கத்தவில்லை. நிழல் சுருங்கிக் காலடிக்கு வந்தது. லலாவ் மெதுவாக, "அப்பா, படகுக்கு நேரமாச்சு" என்றாள்.

"ஆமாம்மா, ஆச்சு" என்றார். ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

செலஸ்தேன் துடுப்பை உள்ளே போட்டுவிட்டு எஞ்சின் கயிற்றில் கை வைத்தான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. கீழே குனிந்து தண்ணீரைப் பார்த்தேன்.

தண்ணீரின் நிறம் மாறியிருந்தது. எங்கள் படகுக்கு அடியில் பச்சையாக ஒன்று வெளுத்துக்கொண்டு வந்தது, எங்கள் வீட்டு வாசல் நீளத்துக்கு. அது அந்தத் தாயின் பக்கத்துடுப்பு, நாங்கள் கை என்போம். ஒரே ஒரு கை. அது எங்கே போய் உடம்போடு சேர்கிறது என்று பார்த்தேன், பார்வைக்கு எட்டவில்லை. படகின் இந்தப் பக்கமும் அவள்தான், அந்தப் பக்கமும் அவள்தான்.

"கயித்தை இழுக்காதே" என்றேன். குரல் வந்ததா என்று தெரியவில்லை. செலஸ்தேன் ஏற்கெனவே கயிற்றை விட்டுவிட்டான்.

எத்தனையோ வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். கிட்டத்தில் பார்த்ததில்லை என்று இல்லை. ஆனால் அவள் எங்களுக்குக் கீழே நின்றாள். போகிற வழியில் கடந்து போகவில்லை, நின்றாள். ஒரு அசைவு போதும், நாங்கள் நாலு பேரும் இல்லை. எனக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும். பயம் வரவில்லை. கோயிலில் மணி அடித்து ஓய்ந்த பிறகு ஒரு அமைதி வருமே, அது வந்தது. லலாவ் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், எப்போது பிடித்தாள் என்று தெரியாது.

அப்போது படகு திரும்பியது.

காற்று இல்லை. நீரோட்டம் இல்லை. துடுப்பு படகுக்குள் கிடந்தது. செலஸ்தேன் இரண்டு கைகளையும் மார்போடு கட்டிக்கொண்டு நின்றான். படகு தானாக, ஒரு நெல்மணி கீழே சிந்தாத நிதானத்தில் திரும்பியது. அவள் அடியில் புரண்டாள், அந்தப் புரளலில் தண்ணீர் திரும்பியது, தண்ணீரோடு நாங்கள் திரும்பினோம். பிறகு நின்றோம். முன்மூக்குக்கு நேர் எதிரே, கைக்கெட்டும் தூரத்தில், கடல் மெல்லப் பிளந்து அவள் தலை எழுந்தது. பாறைபோல் கறுத்து, முண்டு முண்டாக, சிப்பி ஒட்டிய தலை. வழிந்த தண்ணீர் சலசலத்தது. அழுகின மீனும் ஈர மண்ணும் கலந்த அவள் மூச்சு எங்கள்மேல் தூறலாக விழுந்தது.

எனக்கு முழுவதும் தெரிந்தது. தலை, தாடை, அந்தப் பக்கம் அம்மாவின் இடுப்பில் முட்டிக்கொண்டிருந்த பிள்ளை. எல்லாம் தெரிந்ததால் எனக்கு ஒன்று தெரியவில்லை. பெரியவர்தான் சொன்னார்.

"கண்ணு" என்றார்.

மரம் முடிகிற இடத்தில் அவள் கண் இருந்தது. ஆரஞ்சுப் பழத்தைவிடக் கொஞ்சம் பெரிது. பழுப்பு நிறம், சுற்றிலும் மடிப்பு மடிப்பாகத் தோல். அது பெரியவரைப் பார்த்தது. ஒருமுறை மூடித் திறந்தது. பெரியவரின் கண்ணும் மூடித் திறந்தது. அவர் முகம் தண்ணீரில் நனைந்திருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. கைகள் தானாக மேலே எழுந்தன. வலது கையின் ஆள்காட்டி விரல் நீள்வதைப் பார்த்தேன். பாதியில் அவரே அதை மடக்கினார். மடக்கிய முட்டியை மார்பில் வைத்துக்கொண்டார்.

எவ்வளவு நேரம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கடிகாரக்காரரும் பார்க்கவில்லை. அவள் பின்வாங்கி, மெதுவாக, பிள்ளையை முன்னால் விட்டுக்கொண்டு, தெற்கு நோக்கி அமிழ்ந்துபோனாள்.

"அப்பா" என்று லலாவ் ஓடிப்போய் அவர் தோளைக் கட்டிக்கொண்டாள். "பாத்தீங்களாப்பா? முழுசாப் பாத்தீங்களா?"

"இல்லேம்மா. நான் எங்கே முழுசாப் பாத்தேன், இத்தனூண்டுதான் பாத்தேன்." சிரித்தார். அழுதுகொண்டும் இருந்தார். "அதுதான் என்னை முழுசாப் பாத்துச்சு."

நான் ஓவென்று அழுதேன், வெட்கமே இல்லாமல். செலஸ்தேன் திரும்பி நின்று எஞ்சினை வெகுநேரம் துடைத்தான். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"நான் திருப்பல அண்ணி" என்றான் கரை தெரிந்த பிறகு. "நீங்க பாத்தீங்கதானே? நான் தொடவே இல்ல."

"பாத்தேன்."

ஒரு வாரம் யார் காட்டுவது, எப்படிக் காட்டுவது என்று நாங்கள் அடித்துக்கொண்டோம். கடைசியில் காட்டியது அவள். இதை நான் சொன்னால் துறையில் யாரும் நம்பமாட்டார்கள், ஜெர்வே ஒரு பாட்டே கட்டிவிடுவான். கட்டட்டும்.

மதியப் படகு கிளம்பும் நேரம். லலாவ் பைகளை ஏற்றினாள். மிச்சப் பணியாரத்தைச் செலஸ்தேன் கையில் திணித்து, "உங்க மூணு புள்ளைங்களுக்கு" என்றாள். அவன், "உருளைக்கிழங்கு நல்லா வெளையட்டும்" என்றான். சண்டைக்காரர்கள் சமாதானம் ஆவது இப்படித்தான் போலிருக்கிறது. பெரியவர் படகு ஓரத்தில் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, அது இப்போ எந்தப் பக்கம் இருக்கும்?" என்று கேட்டார்.

மணி சொல்லலாம் என்று நான் வாயைத் திறந்தேன். அதற்குள் செலஸ்தேன் படகில் ஏறிவிட்டான். பெரியவரின் வலது கையை எடுத்தான். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, முட்டியாக்கி, அந்த முட்டியைத் தன் இரண்டு கையாலும் பிடித்துத் தெற்கே திருப்பினான்.

"அந்தப் பக்கம் ஐயா. புள்ளையோட போய்க்கிட்டு இருக்கா."

"சரி" என்றார் பெரியவர். கையை இறக்கவில்லை.

செலஸ்தேன் இறங்கி வந்ததும் படகு புறப்பட்டுத் துறையைவிட்டு வளைந்தது. நாங்கள் கரையில் நின்று பார்த்தோம். படகு இடது பக்கம் திரும்ப, அவர் கை கொஞ்சம் வலது பக்கம் நகர்ந்தது. படகு இன்னும் திரும்ப, கை இன்னும் நகர்ந்தது. முன்மூக்கு பெருந்தீவைப் பார்த்து நேராகும் வரை, கடிகாரத்தின் முள்ளைத் திருத்துகிற நிதானத்தோடு அவர் கை நகர்ந்துகொண்டே இருந்தது. கண்ணை மூடியிருந்தார். மடக்கிய விரல் தெற்கை விடவே இல்லை.